எங்கள் ஊர்ச் செத்த காலேஜ்

மதராஸில் இரண்டு காலேஜ்கள் இருப்பதாக எங்கள் ஊருக்கு வந்து சொன்னவர் என் மாமா. ஒன்று உயிர்க் காலேஜ். அங்கே புலியும் கரடியும் கூண்டுக்குள் நடமாடும். இன்னொன்று செத்த காலேஜ். அங்கே எதுவும் நடமாடாது, பார்க்கப் போகிறவர்கள்தான் நடமாடுவார்கள். இரண்டிலும் பரீட்சை கிடையாது. போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்குத் துணையாக மூட்டைகளோடு ரயில் ஏறிப் போய்த் திரும்பிய மாமா கொண்டுவந்த செய்தி இது. அப்போது போடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது பிற்பாடு.

வியாபாரி சரக்குக்கு விலை பேசி முடிக்கும்வரை மாமாவுக்கு வேலை இல்லை. முதல் நாள் உயிர்க் காலேஜைப் பார்த்திருக்கிறார். மிச்ச நாளெல்லாம் செத்த காலேஜிலேயே கழித்திருக்கிறார்.

"புலியை நம்ம மலையிலயே பாத்துக்கலாம் மாப்ளே. எந்தக் காலத்துலயோ ஒருத்தன் கஞ்சி குடிச்ச கலயத்தை எங்கன போய்ப் பாக்குறது?" என்று என்னைக் கேட்டார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதனால் படிப்பு சம்பந்தமான எதையும் மாமா என்னிடம்தான் கலந்து பேசுவார். காலேஜ் என்ற சொல் வந்துவிட்டதால் இதுவும் என் பொறுப்பு ஆயிற்று.

மாமா என்னைப் பெற்ற ஆத்தாவுக்குத் தம்பி. பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீட்டோடு இருந்தார். சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஏர் பிடித்தால் பாதி உழவுச் சாலில் நின்று மேற்கே மலையைப் பார்ப்பார். மாடுகளும் நின்று பார்க்கும். "இவன் ஓட்டுனா மாட்டுக்கு நோவே வராது" என்று என் அய்யா சொல்வார். அதைப் பாராட்டு என்றே மாமா எடுத்துக்கொள்வார்.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் கோம்பைக்கும் நடுவில், ரோட்டை விட்டு விலகி, ஒரு கரட்டுக் குன்றை ஒட்டிக் கிடக்கிறது. கீழே ஆற்றுப் பாசனக்காரர்கள் இரண்டு போகம் எடுப்பார்கள். நாங்கள் மேட்டில் நின்று அவர்களுடைய நாற்றின் பச்சையைப் பார்ப்போம். எங்களுக்கு வானம்தான். ஆனி மாதம் மலை முகட்டைத் தாண்டி மேகம் வழிந்து இறங்கும். மழை என்று சொல்ல முடியாத ஒரு சாரல், வெயில் அடிக்கும்போதே முகத்தில் ஊசி ஊசியாகப் படும். தூரத்து ஆள் ஒரு கணம் தெரிவார், மறுகணம் கரைந்துபோவார். அந்தச் சாரலில்தான் எங்கள் சோளமும் கம்பும் தலையெடுக்கும்.

ஊர் பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம், கிழக்கே, ஒரு பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் எங்கள் முன்னோர் மேற்கே நடந்தார்கள். புறப்படும்போது அம்மன் கோயில் வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்கள். போகிற இடத்தில் அந்தப் பிடிமண்ணைப் போட்டுக் கோயில் எழுப்பினால்தான் சாமியும் கூட வரும். நடந்து நடந்து, சுமை மாடு ஒன்று படுத்து எழுந்திருக்க மறுத்த இடத்தில் மண்ணைப் போட்டார்கள். அதுதான் எங்கள் ஊர். அதற்கு முன்னால் இங்கே காடும் யானையும் தவிர ஒன்றும் கிடையாது. திருவிழாவுக்குத் திருவிழா நாட்டாமை இப்படித்தான் சொல்வார். மாட்டைப் பற்றி மட்டும் தகராறு உண்டு. கீழத் தெருவில் அது காளை; மேலத் தெருவில் பசு.

இந்தக் கதைக்கு ஒரு செத்த காலேஜ் வேண்டும் என்று மாமா தீர்மானித்தார். மந்தைச் சாவடியை ஒட்டி ஓர் அறை இருந்தது. அதில் திருவிழாத் தீவட்டிகளும் வைக்கோலும் கிடந்தன. மாமா நாட்டாமை பின்னாலேயே நடந்து நடந்து அந்த அறையைக் கேட்டு வாங்கினார். பெயரில்தான் முதல் சண்டை வந்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா செத்ததுங்கிறான் பாரு" என்று பெண்கள் ஏசினார்கள். எங்கள் வாத்தியார் 'பழம்பொருள் சாலை' என்று ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். நான்தான் அதைச் சுவரில் கரித்துண்டால் எழுதினேன். படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லாததால் ஊர் செத்த காலேஜ் என்றே சொல்லிவந்தது.

அடுத்த சிக்கல் பெரியது. எங்கள் ஊரில் எதுவுமே பழம்பொருள் ஆகவில்லை. தேய்ந்த ஏர்க்கொழு களைக்கொத்தாகிவிடும். உடைந்த பானை கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும். கிணற்றில் நீர் இறைத்துக் கிழிந்த கமலைத் தோல் செருப்பாகும். பூட்டன் காலத்துத் திருகை இன்னும் பயறு உடைத்துக்கொண்டிருக்கும். மாமா வீடு வீடாகப் போய், "ரொம்பப் பழசா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், "பழசுதான். ஆனா நாளைக்கு வேணுமே" என்பார்கள்.

கடைசியில் மாமாவுக்காக மனம் இரங்கிக் கொடுத்தார்கள். திருகை, மரக்கால், உலக்கைப் பூண், மாட்டுக் கழுத்து மணி, கோம்பை நாய் ஒன்றின் கழுத்து முள்பட்டை எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த நாய் ஒரு சிறுத்தையை விரட்டியதாம். எல்லாவற்றையும் சுவரோரம் அடுக்கினோம். ஏலக்காய்ப் பெட்டி அட்டைகளை நறுக்கி நான் ஒவ்வொன்றுக்கும் மை தொட்டு எழுதினேன். "திருகை. மிகப் பழையது. மேலத் தெருவிலிருந்து வந்தது." "மணி. பழையது. மாட்டின் பெயர் தெரியவில்லை." அட்டையைக் கருவேல முள்ளால் குத்தி நிறுத்துவோம். பார்க்க வந்தவர்கள் தங்கள் வீட்டுத் திருகைக்கு முன்னால் நின்று, "என்னன்னு எழுதியிருக்கு, படி" என்பார்கள். படிப்பேன். "ஆமா, திருகைதான்" என்று திருப்தியாகத் தலையாட்டுவார்கள். அந்த நாட்களில் என் நடையே மாறிவிட்டது என்று அய்யா சொன்னார்.

ஒரு வாரம் போயிருக்கும். மேலத் தெருக்காரி ஒருத்தி வந்து, "தம்பி, திருகையைக் குடு, துவரை உடைக்கணும்" என்றாள்.

"இது காலேஜு மதினி. குடுத்தா குடுத்ததுதான்" என்றார் மாமா.

"அப்ப உன் காலேஜை வந்து எனக்குத் துவரை உடைச்சுக் குடுக்கச் சொல்லு."

மாமா திருகையைக் கொடுத்தார். மறுநாள் அது திரும்பி வந்தது. கூடவே ஒரு கை துவரம்பருப்பும் வந்தது. அது வழக்கமாகிவிட்டது. இரவல் வேண்டியவர்கள் எல்லோரும் நேரே செத்த காலேஜுக்கே வரத் தொடங்கினார்கள். ஊரில் எந்தச் சாமான் யார் வீட்டில் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை அல்லவா? சில நாட்களில் சுவரோரம் வெறும் அட்டைகள் மட்டும் முள்ளில் நின்றுகொண்டிருக்கும். மாமா அவற்றைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார்.

எனக்கும் ஒரு குறை இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளும் போகவில்லை. ஆத்தாவைக் கேட்டால், "நம்மகிட்ட என்னலே இருக்கு" என்பாள். கொல்லையில் முருங்கைக்கு அடியில் ஒரு சப்பட்டைக் கல் இருந்தது. அந்த இடத்தில் கோலிக்குழி தோண்டக் கூடாது, ஆட்டைக் கட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு செம்புத் தண்ணீரை ஆத்தா அங்கே ஊற்றுவாள், தரைக்கு வலித்துவிடுமோ என்பதுபோல மெதுவாக. முருங்கைக்காக என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கல் பார்க்கப் பழையதாக இருந்தது. ஒருநாள் அதைப் பெயர்த்து எடுத்துப்போகக் குனிந்தேன். ஆத்தா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தவள் வெகுநேரம் விடவில்லை. அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒரு கல்லுக்கு இவ்வளவா என்று எனக்கு ரோசமாக இருந்தது.

தாழி கிடைத்தது அதற்குப் பிறகுதான். கரட்டோரம் எங்கள் புஞ்சையில் அய்யா வரப்புக்குக் கல் பெயர்த்துக்கொண்டிருந்தார். கடப்பாரை ஏதோ சுட்ட மண்ணில் இடித்தது. இன்னொரு போடு போட்டிருப்பார். மாமா குறுக்கே விழுந்து தடுத்தார். பிறகு மாமா கையாலேயே மண்ணைத் தள்ளினார். என் மார்பு உயரத்துக்கு ஒரு பெரும்பானை வெளியே வந்தது. வாய் ஓரம் ஒரு சில்லு போயிருந்ததே தவிர முழுசாக இருந்தது. உள்ளே மண், மண்ணுக்குள் உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமாகச் சின்னக் கிண்ணங்கள், துரு ஏறிய ஓர் இரும்பு, அடியில் பொடிப்பொடியாக வெள்ளையாக ஏதோ. கிண்ணங்களையும் இரும்பையும் தனியே எடுத்துவிட்டு, அந்த வெள்ளையை மாமா துண்டில் சேர்த்துத் திரும்பவும் குழியிலேயே போட்டு மூடிக் கும்பிட்டார்.

"இதுக்குள்ள ஆளு இருந்தாகளா மாமா?"

"இருந்தாக."

"எப்படி?"

"முழங்காலைக் கட்டிக்கிட்டு, குனிஞ்சாப்புல."

அதுவே போதும். எனக்குப் புரிந்துவிட்டது. கரடு முழுக்கப் பானை பானையாக வரிசையாக நின்றிருக்கும். பானைக்கு ஓர் ஆள். விடிந்ததும் தலையை வெளியே நீட்டி, "சாரல் விழுகுதா?" என்று அடுத்த பானையைக் கேட்பார்கள். விழுந்தால் திரும்பவும் உள்ளே போய்விடுவார்கள். ஓலை மாற்ற வேண்டியதில்லை, வாசல் பெருக்க வேண்டியதில்லை. அவர்கள் எங்களைவிடச் சௌகரியமாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வண்டியில் வைக்கோல் பரப்பித் தாழியைப் படுக்க வைத்து ஊருக்குள் கொண்டுவந்தோம். பின்னால் கூட்டம். எங்கள் வீட்டு வாசலில் ஆத்தா சுளகில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் இருப்பதைப் பார்த்தாள். சுளகை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பகலில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. அன்று சோறு போடும்போது மாமாவிடம் சொன்னாள்:

"அதை எடுத்த எடத்துலயே வச்சிரு தம்பி."

"ஏன்க்கா?"

"வச்சிருன்னா வச்சிரு."

என் ஆத்தா சாதாரணமாக ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சுப் பேசுகிறவள். அன்று அவ்வளவுதான். செத்த காலேஜ் இருந்த பக்கமே அவள் அதன் பிறகு போகவில்லை. தண்ணீருக்கும் சுற்றுவழியாகத்தான் போனாள்.

தாழியால் மாமாவின் காலேஜுக்கு மதிப்பு வந்தது. அதை மட்டும் யாரும் இரவல் கேட்க முடியாது அல்லவா? ஆனால் நாட்டாமைக்கு முகம் சுண்டிவிட்டது. சாவடியில் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏலே, இங்கன காடும் ஆனையும்தான இருந்துச்சு? இவுக எப்ப வந்தாக?"

"நமக்கு முந்தி பெரியய்யா."

"சரி, நம்ம ஆளுக பிடிமண்ணோட வந்தப்ப இவுக எங்கன போனாக?"

மாமா தாழியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "போகலையோ என்னமோ. இவுகளும் நம்ம ஆளுகதானோ என்னமோ."

"ஏலே, எங்க பாட்டன் பூட்டனெல்லாம் பானைக்குள்ள கெடந்தவுகளா?" என்று என் பெரியப்பா எழுந்துவிட்டார். அவர் கீழத் தெருக் காளைக் கட்சி. அன்றைக்குத்தான் காளைக் கட்சியும் பசுக் கட்சியும் முதன்முதலாக ஒன்றாகப் பேசின. தாழியில் இருந்தவர்கள் யாராக இருந்தாலும் நம்மவர்கள் இல்லை என்பதில் இரண்டு தெருவுக்கும் வேறுபாடு கிடையாது.

அந்த வருஷம் ஆனி பிறந்தும் சாரல் வரவில்லை. மேகம் மலை முகட்டில் வந்து எட்டிப் பார்க்கும், அப்படியே திரும்பிப் போய்விடும். காற்று மட்டும் புழுதியை அள்ளிக்கொண்டு கிழக்கே ஓடும். முளைத்த கம்பு நுனி சுருண்டது. ஊரார் கண் ஒவ்வொன்றாகத் தாழிப் பக்கம் திரும்பியது. மண்ணுக்குள் இருந்ததை ஊருக்குள் கொண்டுவந்தால் வானம் எப்படி இறங்கும் என்று பேச்சு வந்தது. பிறகு அது முடிவாக மாறியது. தாழியை ஊர் எல்லைக்குக் கொண்டுபோய் உடைத்துவிட வேண்டும்.

மாமா மன்றாடினார். சின்னமனூரில் இங்கிலீஷ் புஸ்தகங்கள் படிக்கிற ஒரு டாக்டர் இருந்தார். இந்த மாதிரிப் பானைகளைப் பற்றி அவருக்குத் தெரியுமாம். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்வீர்களா என்றார். நாட்டாமை யோசித்து, "பொழுது சாயிறதுக்குள்ள கூட்டிட்டு வா" என்று தவணை கொடுத்தார். மாமா அன்றைக்குப் போன வேகத்தில் வேறொருநாளும் நடந்து நான் பார்த்ததில்லை. போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தாழியைப் பாத்துக்க மாப்ளே. நீதான் படிச்சவன்" என்றார்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் வரை வாசலில் நின்று காவல் காத்தேன். வெளியே நின்றால் என்னை நகர்த்திவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட முடியும் என்று பிறகுதான் தோன்றியது. படித்தவன் செய்ய வேண்டிய காவல் அது இல்லை. திருகையை உருட்டிவந்து, அதன்மேல் ஏறித் தாழிக்குள் இறங்கினேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன். மாமா சொன்னது சரிதான். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

உள்ளே குளிர்ச்சி. மேலே வட்டமாகக் கொஞ்சம் கூரை தெரிந்தது. என் மூச்சு பானையைச் சுற்றிவந்து காதில் விழுந்தது. வெளியே காற்று ஊளையிட, உள்ளே அது எங்கோ ஆறு ஓடுவதுபோலக் கேட்டது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கரட்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். சாரல் பெய்துகொண்டிருந்தது. பானை பானையாகத் தலைகள் வெளியே வந்தன. அவர்கள் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சுதான். "இவன்தான் அட்டை எழுதுற பயலா?" என்று ஒருவர் கேட்டார். "திருகைக்கெல்லாம் எழுதியிருக்கான், நமக்கு ஒண்ணு எழுதலையே" என்றார் இன்னொருவர். எழுத அட்டையைத் தேடினேன். கையில் ஈர மண்தான் இருந்தது. ஒரு பெண் மட்டும் பானைக்குள் இல்லாமல் வெளியே நடந்து, ஒவ்வொரு பானையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கரடு மெல்ல ஆட ஆரம்பித்தது. தொட்டில் மாதிரி ஆடியது. இன்னும் நன்றாகத் தூங்கினேன்.

கரடு ஆடவில்லை. பொழுது சாய்கிற வரை காத்திருந்தால் விளக்கு வைக்கிற நேரத்தில் உடைத்ததாகிவிடும், அது ஊருக்கு ஆகாது என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அதனால் முன்கூட்டியே வந்து, தாழியின் கழுத்தில் வடம் கட்டி, மூங்கிலில் கோத்து, நாலு பேர் தோளில் எடுத்துவிட்டார்கள். தாழிக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை; பார்க்க ஒருவருக்கும் தைரியமில்லை. "ஆனைக்குட்டி கணக்கா கனக்குதே, வரும்போது இம்புட்டுக் கனமில்லையே" என்று தூக்கியவர்கள் முனகியிருக்கிறார்கள். "பேசாம நட" என்றிருக்கிறார் நாட்டாமை.

எல்லையில், ஓடைக்கரையில் இறக்கி வைத்தார்கள். அந்த அதிர்ச்சியில்தான் எனக்கு விழிப்பு வந்தது. மேலே கூரைக்குப் பதிலாக வானம் இருந்தது. காற்று ஒரு கை புழுதியை அள்ளி உள்ளே போட்டது. பெரியப்பா கடப்பாரையை ஓங்கிய அதே நேரத்தில் நான் தும்மினேன்.

தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். பெரியப்பா கடப்பாரையைக் காலில் போட்டுக்கொண்டார். நாட்டாமை மட்டும் நகரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"யாரு உள்ள?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

இன்ஸ்பெக்டர் கேட்டால் எழுந்து நின்று வகுப்பைச் சொல்ல வேண்டும் என்று வாத்தியார் பழக்கியிருந்தார். எழுந்து நின்று, தலையை வெளியே நீட்டி, "மூணாங் கிளாசு" என்றேன்.

அந்த வேளையில் ஆத்தா ஓடைக்கரையில் புல் அறுத்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். தாழியின் வாயில் என் தலை இருந்ததைப் பார்த்தாள். புல்லுக்கட்டு விழுந்தது. கத்துவாள், இரண்டு அறை விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் வந்து, என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வெளியே நிறுத்தினாள். தலையைத் தடவினாள், முழங்காலைத் தடவினாள். பிறகு என்னை விட்டுவிட்டுத் தாழிக்குள் குனிந்தாள். தோள் வரை கையை உள்ளே விட்டு, அடியில் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"சிலேட்டு உள்ள இல்ல ஆத்தா, வீட்டுல இருக்கு" என்றேன்.

அவள் நிமிர்ந்தபோது முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. நாட்டாமையைப் பார்த்து, "இதை உடைக்காதீக பெரியய்யா" என்றாள்.

"மழை வேணுமே தாயி" என்றார் அவர்.

"மழை வரும், வராமப் போகும். இது யாரு பெத்ததோ. இருந்துட்டுப் போகட்டும்."

தாழியை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னவள் அவள்தான். ஊரிலேயே அதற்கு முதல் எதிரி அவள்தான். அவளே இப்படிச் சொல்லிவிட்டாள். பெரியப்பா காலைத் தேய்த்துக்கொண்டு, "பிள்ளை தூங்கி எந்திரிச்ச ஏனத்தை உடைக்கிறதும் முறையில்லதான்" என்றார். அவருக்கு அப்போதைக்கு ஒரு முறை வேண்டியிருந்தது. நாலு பேர் திரும்பவும் தாழியைத் தோளில் எடுத்தார்கள். பாதி வழியில் மாமா தனியாக வந்து சேர்ந்தார். டாக்டர் மதுரைக்குப் போயிருந்தாராம். நடந்ததைக் கேட்டு ஆத்தாவை வெறித்துப் பார்த்தார். அவள், "புல்லை எடுத்துட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த வாரமே சாரல் இறங்கியது. எல்லை வரை கொண்டுபோய் மிரட்டியதால்தான் இறங்கியது என்று பெரியப்பா சொன்னார். உடைக்காததால் இறங்கியது என்று மாமா சொன்னார். கம்பு இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் வளர்ந்தது.

எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் போய்விட்டது. எங்கள் பக்கம் பல் முளைக்காத குழந்தையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. புதுப்பானை ஒன்று வாங்கி, அதற்குள் வைத்து, வீட்டுக் கொல்லையிலேயே மண்ணில் வைத்துவிடுவார்கள். மேலே ஒரு கல். இதெல்லாம் நான் சின்னமனூர் ஹைஸ்கூலில் படிக்கும்போது ஒருநாள் மாமா போகிறபோக்கில் சொல்லித் தெரிந்துகொண்டது. மூன்றாம் வகுப்பில் தெரியாது.

சாரல் விழுந்த ஒரு பகலில் ஆத்தா முதல்தடவையாகச் செத்த காலேஜுக்கு வந்தாள். மாமா உழப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். வாசலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த அரசமரம் இருந்த இடமே தெரியவில்லை. அந்த வெள்ளையிலிருந்து வந்ததுபோல அவள் உள்ளே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற ஒரு சின்னப் பித்தளைப் பாலாடையை எடுத்தாள். புளி போட்டுத் துலக்கியிருந்தாள். எங்கள் வீட்டில் அதை நான் பார்த்ததே இல்லை. குனிந்து, கை எட்டும் ஆழத்துக்குக் கொண்டுபோய், சத்தமில்லாமல் தாழிக்குள் வைத்தாள்.

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒருவழியாக எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு பொருள் வந்துவிட்டது. உடனே அட்டையை நறுக்கினேன்.

"யாரோடதுன்னு எழுத ஆத்தா?"

"ஒண்ணும் எழுத வேணாம்யா."

"எழுதாம வைக்கக் கூடாது. மாமா ஏசும்."

நானாகவே எழுதினேன். மணிக்கும் மரக்காலுக்கும் எழுதிக் கை பழகியிருந்தது. எழுதி முடித்து, மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவதுபோலவே அவளுக்கும் உரக்கப் படித்தேன்.

"பாலாடை. பழையது. சொந்தக்காரர் பெயர் தெரியவில்லை."

ஆத்தா அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றாள். பிறகு அட்டையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "பேருன்னு இதுல எங்கன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

காட்டினேன். அவள் அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தாள். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. எடுக்காமல் வைத்திருந்தாள்.

எனக்கு ஒரே பெருமை. ஆத்தாவுக்கும் படிக்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். நாளைக்கே சிலேட்டைக் கொண்டுவந்து அ, ஆ-வில் தொடங்கிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.